மண் மாதிரியும் மக்கள் மாதிரியும்



மண் பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது நாங்கள் என்ன சொல்லுவோம்? வரப்பு ஓரத்திலே எடுக்காதீங்க, எருக்குழிப் பக்கம் எடுக்காதீங்க, மரத்து நிழலிலே எடுக்காதீங்க என்போம். வயலிலே குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில் அரை அடி ஆழம் வெட்டி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அரை கிலோ அனுப்பினால் போதும். எருக்குழி ஓரத்திலிருந்து ஒரு வண்டி மண் அனுப்பினாலும் உங்கள் வயலின் சத்து தெரியாது. எருக்குழியின் சத்துதான் தெரியும்.

மக்கள் கருத்துக் கணிப்பும் இதே சங்கதிதான். விவசாய இலாகாக்காரருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நினைக்கலாம். “இந்தத் திட்டத்தால் பயன் கிடைத்ததா? ஆம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும்” என்று உங்கள் செல்போனுக்கே இப்போது அழைப்பு வருகிறதே, அதனாலேதான் பேசுகிறேன். அந்தப் பதிலை வைத்து நாளைக்கு ஒரு கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கிலே நீங்கள் இருக்கிறீர்களா என்பது கேள்வி.

இதிலே அதிகம் அடிபட்டுப் பாடம் கற்ற நாடு அமெரிக்கா. 1936இல் அங்கே ஜனாதிபதி தேர்தல். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை ஏறக்குறைய 1 கோடி பேருக்குத் தபாலிலே மாதிரி ஓட்டுச் சீட்டு அனுப்பியது. 23 லட்சம் பேருக்கு மேல் பதில் போட்டார்கள். எண்ணிப் பார்த்துவிட்டு, ரூஸ்வெல்ட் தோற்பார், எதிர்த்து நிற்கிற லாண்டன் பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். நடந்தது நேர் எதிர். இருந்த 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் பிடித்தார். 100க்கு 61 ஓட்டு அவருக்கு. அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர் சுமார் 50,000 பேரைக் கேட்டு, ரூஸ்வெல்ட்தான் ஜெயிப்பார் என்று சொல்லியிருந்தார். ஓட்டு விகிதத்தை அவரும் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னார். ஆனால் ஆளைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

23 லட்சம் ஏன் தோற்றது? அந்தப் பத்திரிகை விலாசம் எடுத்தது டெலிபோன் புத்தகத்திலிருந்தும், கார் வைத்திருப்பவர் பட்டியலிலிருந்தும். அது பஞ்ச காலம். டெலிபோனும் காரும் யார் வீட்டில் இருக்கும்? எருக்குழி ஓரத்து மண் என்றேனே, அதுதான் இது. இன்னொன்றும் உண்டு. சீட்டு வாங்கிய நாலு பேரில் ஒருவர்கூடச் சரியாகப் பதில் போடவில்லை. பதில் போட்டவர்களிலே ரூஸ்வெல்ட் மேல் கோபமாக இருந்தவர்கள் அதிகம் என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். கோபக்காரர் கடிதம் எழுதுவார், திருப்தியாக இருப்பவர் சும்மா இருப்பார். நம்ம ஊர் மனுநீதி நாளிலே பார்ப்பதில்லையா!

பிறகு பல வருஷம் ஆட்களை வீடு வீடாக அனுப்பிக் கேட்டார்கள். அதற்குச் செலவு அதிகம். 1970களில் அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு டெலிபோன் வந்துவிட்டது. அப்போது ஒரு நல்ல யோசனை பிறந்தது. டெலிபோன் புத்தகமே வேண்டாம், எண்களைக் குலுக்கிப் போட்டது போல எடுத்து, அந்த எண்ணுக்குப் பேசுவது. புத்தகத்தில் பெயர் போடாதவரும் இதிலே வந்துவிடுவார். நம்ம பயிர் அறுவடைப் பரிசோதனையும் இந்த ஜாதிதான். சர்வே எண்ணைக் குலுக்கல் முறையில் முன்னாலேயே தேர்ந்தெடுத்து, அந்த நெல் வயலில்தான் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுக்கிறோம். “அந்தக் கோடி வயல் நல்லா விளைஞ்சிருக்கு, அங்கே அறுங்க சார்” என்றால் முடியாது.

நல்லபடியாக ஓடிய இந்த முறையைச் செல்போன் வந்து கலைத்தது. அமெரிக்காவில் 1991இல் வந்த ஒரு சட்டப்படி, சம்மதமில்லாமல் செல்போனை இயந்திரம் வைத்துக் கூப்பிடக்கூடாது. கையால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தவேண்டும். செலவு ஏறியது. 2016 முடிவதற்குள் அங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கம்பி வழி டெலிபோனே இல்லை, செல்போன் மட்டும்தான். யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையிலே தெரிவதால், தெரியாத எண் என்றால் எடுப்பதில்லை. ‘பியூ’ ஆராய்ச்சி மையம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: 1997இல் கூப்பிட்டதில் 100க்கு 36 பேட்டி கிடைத்தது. 2012இல் அது 9. 2018இல் வெறும் 6.

அந்த மையம் பிறகு என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மறுபடி தபாலுக்குப் போனார்கள்! ஆனால் டெலிபோன் புத்தகத்தை வைத்து இல்லை. தபால் இலாகாவிடம் இருக்கிற எல்லா வீட்டு விலாசங்களிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்துக் கடிதம் போட்டு ஆள் சேர்த்தார்கள். சேர்ந்தவர்களிடம் அவ்வப்போது இன்டர்நெட் மூலம் கேள்வி கேட்கிறார்கள். இன்டர்நெட் இல்லாத வீட்டுக்கு டேப்லெட் கருவியும் இணைப்பும் அவர்களே கொடுத்தார்கள். 1936இல் தபால் மேல் குற்றம் இல்லை, பட்டியல் மேல்தான் குற்றம் என்பது இதிலே தெரிகிறதல்லவா?

பதில் குறைந்தால் கணக்கிலே சரிக்கட்டுவார்கள். எப்படி என்று சொல்கிறேன். ஓர் ஊரில் 100 குடும்பம். 50 நஞ்சை, 50 புஞ்சை. போனை எடுத்தவர் பத்துப் பேர். அதிலே எட்டுப் பேர் நஞ்சைக்காரர், இரண்டு பேர் புஞ்சைக்காரர். வாய்க்காலுக்குப் பணம் ஒதுக்கலாமா என்று கேட்டால் எட்டுப் பேரும் சரி என்கிறார்கள், இரண்டு பேரும் வேண்டாம் என்கிறார்கள். அப்படியே எழுதினால் 100க்கு 80 ஆதரவு. ஊரிலே பாதிப் பேர் புஞ்சை என்று தெரிந்து, அந்த இரண்டு பேர் பதிலுக்குப் பாதி ஊரின் எடை கொடுத்தால் 100க்கு 50தான். பெரிய வித்தியாசம்! ஆனால் இதிலே ஆபத்தும் இருக்கு. இப்போது ஒருவர் 25 குடும்பத்துக்குப் பேசுகிறார். போனை எடுத்த அந்தப் புஞ்சைக்காரர், போர்வெல் போட்டு வசதியாக இருப்பவரானால்? எடுக்காத மானாவாரிக்காரர் மனசை அவர் எப்படிச் சொல்வார்?

நம்ம நாட்டிலே இது இன்னும் கவனிக்க வேண்டியது. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் 100க்கு 54 பேர். கிராமத்திலே இன்னும் குறைவு, பாதிக்கும் கீழே. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்கள். போனிலே பதில் சொல்வது வீட்டு ஆண்பிள்ளை. அப்படி எடுத்த கணக்கை “விவசாயிகள் கருத்து” என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாமா? 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கு இன்றைக்கும் ஆட்கள் வீட்டுக்கு வந்துதான் கேட்கிறார்கள். காகிதத்துக்குப் பதில் கையிலே டேப்லெட் இருக்கும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பிலே “ஓட்டுப் போடுங்க” என்று சுற்றுகிறதே, லட்சம் பேர் போட்டாலும் அதைக் கணக்கிலே சேர்க்காதீங்க.

அழைப்பு வந்தால் என்ன செய்யலாம்? யார் நடத்துகிறார்கள், எதற்கு என்று முதலிலே கேளுங்கள். உண்மையான கணக்கெடுப்புக்காரருக்கு உங்கள் பாங்கி கணக்கு எண்ணோ ஓ.டி.பி.யோ தேவையே இல்லை. கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். கேள்வி நியாயமானதாக இருந்தால், நேரம் இருக்கும்போது பதில் சொல்லுங்கள். நடவு வயலிலே கை சேறாக இருக்கிறபோது வந்தால், சாயங்காலம் கூப்பிடச் சொல்லுங்கள். வீட்டுப் பெண்களைக் கேட்க வேண்டிய கேள்வியானால் போனை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பக்கத்திலே நின்று எடுத்துக் கொடுக்க வேண்டாம்.