சூத்தை இல்லாத பல்லும் தேயும்

பல் வைத்தியரிடம் போய் வந்த பிள்ளை "சூத்தை ஒன்றும் இல்லையாம்" என்று சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சீனி குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், காலையும் இரவும் பல் தீட்டுகிறோம், பிறகென்ன பயம்? ஆனால் அதே பிள்ளை ஐஸ்கிரீமைக் கடிக்கும்போது கண்ணைச் சுருக்குகிறதா, முன்பற்களின் நுனி மெலிந்து கண்ணாடிபோலத் தெரிகிறதா, பல் முன்னைவிட மஞ்சளாகிறதா என்றும் பாருங்கள். இவை பல் தேய்மானத்தின் அடையாளங்கள். சூத்தையை உண்டாக்குவது கிருமி; அந்தக் கிருமிக்குத் தீனி சீனி. தேய்மானத்துக்கோ கிருமியும் தேவையில்லை, சீனியும் தேவையில்லை.

பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எலும்பைவிடக் கடினம். ஆனால் முறிந்த எலும்பு பொருந்தும், வெட்டுப்பட்ட தோல் மூடும். எனாமல் மட்டும் திரும்ப வளராது. அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முரசைத் தாண்டி வெளியே வரும் காலத்திலேயே இல்லாமற் போய்விடுகின்றன. எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டைன் மென்மையானது, மஞ்சள் நிறமானது, உள் நரம்பை நோக்கிப் போகும் நுண்ணிய குழாய்கள் நிறைந்தது. அது வெளியே தெரியத் தொடங்கினால் பல் கூசும். தேய்வும் வேகம் பிடிக்கும்.

இன்றைய இளையோரின் பல்லைத் தேய்ப்பதில் முக்கிய பங்கு அமிலத்துக்கு உண்டு. அமிலத்தைப் பிஎச் என்ற அளவால் சொல்வார்கள். எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஒரு எண் இறங்கினால் பத்து மடங்கு. ஏறக்குறைய 5.5-க்குக் கீழே எனாமல் கரையத் தொடங்கலாம். பால் 6.7 அளவில் நிற்கிறது. ஒரேஞ்ச் ஜூஸ் 3.5-ஐ ஒட்டியும், கோலா 2.5 அளவிலும் இருக்கின்றன. தேசிக்காய்ச் சாறு அதற்கும் கீழே. தயிரும் புளிப்புத்தானே என்று கேட்பீர்கள். அதில் கல்சியம் நிறைய இருப்பதால் அது பல்லிலிருந்து எதையும் இழுப்பதில்லை.

2018 ஏப்ரலில் பிரித்தானியாவில் குளிர்பானங்களுக்குச் சீனி வரி வந்தது. பல கம்பனிகள் சீனியைக் குறைத்துக்கொண்டன. நல்ல காரியம்தான். ஆனால் அமிலத்துக்கு யாரும் வரி போடவில்லை. 'சீரோ' என்று எழுதிய போத்தலிலும் அமிலம் இருக்கிறது. பிள்ளை சீரோ கோலாதான் குடிக்கிறது என்று திருப்திப்படும் பெற்றோர் சூத்தையைப் பற்றி மட்டும் யோசிக்கிறார்கள்.

எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எப்படிக் குடிக்கிறோம் என்பது முக்கியம். அமிலத்தைத் தணித்து, பல்லுக்குக் கல்சியத்தைத் திருப்பிக் கொடுப்பது நம் எச்சில். அதற்கு நேரம் வேண்டும். சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடித்து முடித்தால் எச்சில் தன் வேலையைச் செய்துவிடும். அதே அளவைப் பரீட்சைக்குப் படித்தபடி இரண்டு மணி நேரம் உறிஞ்சினால் பல் அந்த இரண்டு மணி நேரமும் அமிலத்தில் ஊறுகிறது. கால்பந்து விளையாடி வாய் காய்ந்திருக்கும்போது ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிப்பதும், இரவு படுக்கப் போகுமுன் ஜூஸ் குடிப்பதும் இன்னும் மோசம். தூக்கத்தில் எச்சில் மிகக் குறைவாகவே சுரக்கும்.

நம் வீட்டுப் பழக்கங்களிலும் சில உண்டு. உடம்பு மெலிய வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணீர், வாயில் போட்டுச் சப்பும் வைட்டமின் சி மாத்திரை, பாடகர் குழுவில் தொண்டைக்கு நல்லதென்று உறிஞ்சும் தேசிக்காய்த் துண்டு. ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் இந்தப் பட்டியலில் இடம் கொடுக்க மாட்டேன். அவை சோற்றோடு உள்ளே போய்விடும்.

அமிலம் பட்ட எனாமல் சிறிது நேரம் மிருதுவாக இருக்கும். அந்த நேரத்தில் அழுத்தித் தீட்டக் கூடாது. தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுங்கள். அம்மம்மா காலத்து உமிக்கரிதான் இப்போது கருப்புப் பற்பசையாக அலங்காரப் பெட்டியில் திரும்பி வந்திருக்கிறது. கரி பல்லை வெளுப்பாக்குவதுபோலத் தோன்றுவது உரசலால். அப்படிப்பட்ட பற்பசைகள் பலவற்றில் ஃபுளோரைடும் இல்லை. கடின பிரஷ்ஷால் குறுக்கே இழுத்துத் தேய்ப்பவர்களுக்கு முரசோரத்தில் வெட்டுப்போலப் பள்ளம் விழும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குப் பல்லின் மேற்பகுதி தட்டையாகும். காலையில் தாடை நோகும். பல ஆண்டுகள் பாக்கு மென்ற பெரியவர்களின் கடைவாய்ப் பற்களும் இப்படித் தட்டையானவைதான்.

இனி நான் சொல்லப்போவதைச் சபையில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. வயிற்று அமிலத்தின் பிஎச் 1 முதல் 2 வரை. அது அடிக்கடி மேலே வந்தால் மேல் முன்பற்களின் பின்பக்கம், நாக்கு தொடும் பக்கம், கரையும். சிலருக்கு நெஞ்செரிவு காரணம். கர்ப்பகால வாந்தியாலும் வரும். ஆனால் பள்ளி, பல்கலைக்கழக வயதில் இந்தத் தேய்வைக் கண்டால் வைத்தியர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக் கேட்பார்கள்: சாப்பிட்டதைத் தானே வாந்தியெடுக்கும் நோய். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வருவதல்ல, ஆண்பிள்ளைகளுக்கும் வருகிறது. எடை இயல்பாகவே இருக்கலாம். பெற்றோர் எங்களிடம் "நன்றாகச் சாப்பிடுகிறாள்" என்றுதான் சொல்வார்கள். அது பொய்யல்ல. சாப்பிட்டதை மட்டும் அவர்கள் பார்த்திருப்பார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாததைப் பல் முதலில் காட்டிக்கொடுப்பதுண்டு.

தாதியாக எனக்குப் பல்லைவிடப் பெரிய கவலை, இரத்தத்தில் பொட்டாசியம் இறங்குவது. அது இதயத்துடிப்பையே குழப்பிவிடும். பெற்றோரே, இது பிடிவாதமோ பெருமையோ பக்திக் குறைவோ அல்ல, சிகிச்சை உள்ள நோய். அதட்டினால் கதவு இன்னும் இறுக்கமாகப் பூட்டப்படும். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது "என்ன, குண்டாகிவிட்டாய்?" என்று கேட்கும் நம் வழக்கத்தையும் விட்டால் நல்லது. தம்பி தங்கையரே, உங்களில் யாருக்காவது இது இருந்தால் ஜிபியிடம் சொல்லுங்கள். 16 வயதுக்குக் கீழே என்றாலும் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். அதுவரை, வாந்தியெடுத்தால் உடனே பல் தீட்டாமல் தண்ணீரால் கொப்பளியுங்கள்.

சிகிச்சையில் முதல் வேலை காரணத்தை நிறுத்துவது. அது நிற்காமல் எதை ஒட்டினாலும் நிலைக்காது. தேய்வு சிறிதென்றால் பல் வைத்தியர் படம் எடுத்து வைத்து, அடுத்தடுத்த வருகைகளில் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஃபுளோரைட் வார்னிஷ் பூசலாம். தேவைப்பட்டால் கூடுதல் ஃபுளோரைட் உள்ள பற்பசையை எழுதிக் கொடுப்பார். மற்றவர்களுக்குக் கடையில் விற்கும் 1350 முதல் 1500 பிபிஎம் வரையுள்ள பற்பசை போதும். தீட்டிய பின் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டு அலசாதீர்கள். பல் கடிப்பவர்களுக்கு இரவில் போடும் காவல் தட்டு செய்து தருவார்கள். பல் குட்டையாகிவிட்டால் பல் நிறக் கலவையை ஒட்டி உருவத்தை மீட்கலாம். கிரவுன் போடுவதற்குப் பொதுவாக மிச்சமிருக்கும் பல்லையும் கொஞ்சம் சீவ வேண்டும். அதனால் இளவயதில் ஒட்டும் முறையையே பெரும்பாலும் முதலில் பார்ப்பார்கள். ஒட்டியதும் சில ஆண்டுகளில் உடையும், திரும்ப ஒட்ட வேண்டிவரும். அந்தச் செலவு பெரியவனானபின் உங்கள் கையிலிருந்துதான்.

இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழே இருந்தாலும், முழுநேரம் படித்துக்கொண்டு 19 வயதுக்குக் கீழே இருந்தாலும் என்எச்எஸ் பல் சிகிச்சை இலவசம். அந்தப் பிறந்தநாள் வருமுன் ஒருமுறை போய்த் தேய்மானம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். போகும்போது நான்கு நாட்கள் குடித்தது, சாப்பிட்டது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிக்கொண்டு போங்கள். ஜூஸ், சப்பும் மாத்திரை, இரவு பதினொரு மணிக்குத் திறந்த எனர்ஜி டிரிங்க், எதையும் விடாமல்.