கட்டளைப் பெயர்களின் வழக்கொழிப்பு: கிட், கிரெப் ஆகிய இரு மென்பொருள்கள் தரும் படிப்பினை

முன்னுரை

கணினியை எழுத்தால் ஏவும் முறை கட்டளை வரி எனப்படும். அதில் ஒரு கட்டளையின் பெயர் இரண்டு இடங்களில் வாழ்கிறது. பயனர் அன்றாடம் தட்டும் சொல்லாக அது விரல்நுனியில் இருக்கிறது. முன்னரே எழுதிவைக்கப்பட்ட குறுநிரல்களுக்குள் எவர் கண்ணிலும் படாமலும் இருக்கிறது. முதலாவதை மாற்றுவது பழக்கத்தை மாற்றுவதாகும். இரண்டாவதை மாற்றுவதோ, எழுதியவர் விலகிச் சென்றபின் அவர் எழுத்தைத் திருத்துவதாகும். பழைய பெயர்களைப் படிப்படியாக விலக்கும் முறையை இரு மென்பொருள்களின் வரலாற்றைக்கொண்டு விளக்குவதும், அது தமிழாய்வாளரையும் தொடும் விதத்தைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1. கிட்: இடைக்கோட்டிலிருந்து இடைவெளிக்கு

நிரல்களின் பதிப்பு வரலாற்றைப் பேணும் கிட் என்னும் மென்பொருளை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கினார். தொடக்கத்தில் அது சிறுசிறு நிரல்களின் தொகுதியாக இருந்தது. 'கிட்-ஆட்', 'கிட்-கமிட்' என ஒவ்வொன்றும் இடைக்கோடிட்ட தனிப்பெயர் பெற்றது. காலப்போக்கில் இவை நூற்றுக்கும் மேற்பட்டன. கட்டளைகளைக் கணினி தேடும் பொது அடைவில் இவையனைத்தும் நிறைந்து, புதியவர்களை மலைக்கவைத்தன. ஆகவே, 'கிட்' என்னும் ஒரே தலைக்கட்டளையும் அதனையடுத்து இடைவெளிவிட்டு எழுதும் துணைக்கட்டளையும் போதும் என முடிவாயிற்று. 'கிட்-கமிட்' என்பது 'கிட் கமிட்' ஆயிற்று.

பழைய வடிவம் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே விலக்கத்தக்கதாகக் கருதப்பட்டது. 2008 பிப்ரவரியில் வந்த 1.5.4ஆம் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பு அதனை முறைப்படி அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த 1.6.0ஆம் பதிப்பு, இடைக்கோட்டுப் பெயர்களிற் பெரும்பாலானவற்றைப் பொது அடைவிலிருந்து அகற்றி, மென்பொருளின் உள் அடைவுக்கு மாற்றியது. இரண்டரை ஆண்டு அவகாசம் இருந்தும் பயனர் பலர் முறையிட்டனர். காரணம் எளிது: அறிவிப்பு வெளியீட்டுக் குறிப்பில் இருந்தது, கட்டளையைத் தட்டுவோர் அக்குறிப்பைப் படிப்பவரல்லர்.

எனினும், அம்மாற்றத்தில் இரண்டு நற்கூறுகள் இருந்தன. உள் அடைவைத் தேடுபாதையிற் சேர்த்துக்கொண்டால் பழைய குறுநிரல்கள் தொடர்ந்து இயங்க வழி இருந்தது. தொலைக் கணினியிலிருந்து அழைக்கப்படும் 'கிட்-அப்லோட்-பேக்' போன்ற சில நிரல்கள் இருந்த இடத்திலேயே விடப்பட்டன. அழைக்கும் கணினியும் அழைக்கப்படும் கணினியும் ஒரேநாளில் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதை உணர்ந்த ஏற்பாடு அது.

2. கிரெப்: பதினைந்து ஆண்டு மௌனம்

உரைக்கோப்புகளில் சொற்களையும் சொல்வடிவங்களையும் தேடித்தரும் கிரெப், 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் பிறந்தது. விரிவான தேடற்கோவைகளுக்கு 'ஈகிரெப்', நேர்ச்சொல் தேடலுக்கு 'எஃப்கிரெப்' என உடன்பிறந்த கட்டளைகள் இரண்டும் வழக்கிலிருந்தன. பின்னர் இவ்விரு பணிகளையும் 'கிரெப்' கட்டளையே விருப்பக்குறிகளின் வாயிலாக ஏற்றது.

குனூ கிரெப் மென்பொருளில் இவ்விரு பழைய பெயர்களும் 2007ஆம் ஆண்டின் 2.5.3ஆம் பதிப்பு முதல் விலக்கத்தக்கவை எனக் குறிக்கப்பட்டன. ஆயினும், கட்டளைகள் ஒரு சொல்லும் சொல்லாமல் முன்போலவே இயங்கின. 2022 செப்டம்பரில் வெளியான 3.8ஆம் பதிப்பில்தான், ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் பிழைத்தடத்தில் எச்சரிக்கை வரி தோன்றலாயிற்று. பெயர் நீக்கப்படவில்லை, விடையும் மாறவில்லை. ஆனால், பிழைத்தடத்தில் எது வந்தாலும் தோல்வி எனக் கொள்ளும் சோதனை நிரல்கள் தடுமாறின. சில லினக்ஸ் வழங்கல்கள் அவ்வெச்சரிக்கையை நீக்கியே தம் பயனர்க்கு அளித்தன.

3. படிமுறை

இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிட்டால், அவகாசத்தின் நீளம் மட்டும் போதாது என்பது புலனாகும். அறிவிப்பு உரியவரைச் சென்றடைய வேண்டும். முறையான வழக்கொழிப்பு நான்கு படிகளையுடையது. முதற்படியில் புதிய பெயர் அறிமுகமாகி, இரு பெயர்களும் ஒரே பணியைச் செய்ய வேண்டும். இரண்டாம் படியில் ஆவணங்கள், பாடநூல்கள், எடுத்துக்காட்டுகள் அனைத்தும் புதிய பெயருக்கு மாற வேண்டும். மூன்றாம் படியில், கட்டளையைத் தட்டுபவர் திரைமுன் இருக்கும்போது, இன்ன பெயருக்கு மாற்றாக இன்னது என்று கட்டளையே கூற வேண்டும். குறுநிரலுக்குள் இயங்கும்போது அது விடையோடு கலவாதிருத்தல் நன்று. நான்காம் படியே நீக்கம். அதன் பின்னரும் பழைய பெயரை மீட்டுக்கொள்ள வழி இருத்தல் வேண்டும்.

4. தமிழாய்வும் பழைய கட்டளைகளும்

1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் சில உயிர்மெய்களின் வடிவம் மாறியது. பழைய அச்சு நூலைக் கையிலெடுக்கும் இன்றைய மாணவர் சற்றுத் தயங்கினாலும் படித்துவிடுகிறார். கணினிக்கு அவ்வூகம் இல்லை. பெயர் ஓரெழுத்து மாறினும், அத்தகைய கட்டளை இல்லை என்றே அது விடைதரும்.

அடியேன் முனைவர்பட்ட ஆய்வின்போது, உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இருந்த எட்டுத்தொகை நூல்களில் வினைமுற்று ஈறுகளை எண்ணுதற்கு 'ஈகிரெப்' கொண்ட குறுநிரல் ஒன்றை எழுதினேன். விடையையும் பிழைச்செய்தியையும் ஒரே கோப்பிற் சேர்த்து, வரிகளை எண்ணுவது அதன் முறை. அண்மையில் என் மாணவி ஒருவர் அதனைப் புதிய கணினியில் இயக்கியபோது, ஒவ்வொரு ஈற்றின் மொத்தத்திலும் எட்டு மிகுந்து வந்தது. நூலொன்றுக்கு ஓர் எச்சரிக்கை வரியும் வினைமுற்றாக எண்ணப்பட்டிருந்தது. ஆய்வேட்டின் எண்ணே பிழையென அவர் கருதினார். குற்றம் கிரெப்பினுடையது மட்டுமன்று. இரு தடங்களையும் கலந்த என்னுடையதுமாகும். மிகை எல்லா ஈறுகளிலும் ஒரே அளவாக இருந்ததால் காரணம் வெளிப்பட்டது. ஒரே ஓர் ஈற்றை மட்டும் எண்ணியிருந்தால் அது வெளிப்பட்டிராது.

முடிவுரை

பனுவல்களைக் கணினிவழி ஆராய்வோர் மூன்றினைக் கடைப்பிடித்தல் நலம். குறுநிரலை ஆய்வேட்டின் பின்னிணைப்பிற் சேர்த்தல். பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பெண்ணைக் குறித்தல். விடைத்தடத்தையும் பிழைத்தடத்தையும் தனித்தனியே பேணுதல். மென்பொருளாளர் பழைய பெயரை விலக்கலாம். அதற்கான உரிமை அவர்க்குண்டு. அப்பெயரை நம்பி எண்ணப்பட்ட எண்ணை இருபதாண்டு கழித்தும் மற்றொருவர் சரிபார்க்கக்கூடியதாக வைத்திருப்பது ஆய்வாளரின் கடமை.