கல் நீங்கிய பின் காணும் குருதி

எல்லவிலிருந்து தெமோதரை வழியே பதுளைக்குப் புகையிரதப் பாதை இறங்கும் மலைச்சரிவெங்கும் தேயிலைத் தோட்டங்கள் உள. அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள், மலையில் ஒதுங்க இடமின்மையால் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்ளுதல் உண்டு. சிறுநீர் செறிவுறின் அதிற் கரைந்துள்ள உப்புக்கள் படிந்து கல்லாதல் எளிது. (இம்மாவட்டத்துக் கிராந்துருகோட்டைப் பகுதியிற் காணப்படும், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் இதனின் வேறானது.) கல்லுக்குச் சிகிச்சை பெற்று லயத்துக்கு மீண்டவர், சிறுநீர் சிவந்து கழியக் கண்டு நடுங்குவர், அன்றேல், “இது வழக்கந்தானே” என வாளாவிருப்பர். இரண்டும் சிலபோது பொருந்தும், சிலபோது பொருந்தா. எம்முறையாற் கல் அகற்றப்பட்டது, அதன்பின் எத்தனை நாட் கழிந்தன என்பவற்றைக் கொண்டே இதனைத் துணிதல் வேண்டும்.

முதற்கண் ஒன்று கூறுவாம். ஒரு லீற்றர் சிறுநீரை நிறம் மாற்ற 1 மில்லிலீற்றர் குருதியே போதும். ஆதலின் இளஞ்சிவப்பு நிறங்கண்டு பெரும் இழப்பென அஞ்சவேண்டுவதில்லை. முதல்நாள் உண்ட பீற்றூட் கிழங்கும் சிலர்க்கு இந்நிறத்தைத் தரும்!

உடலைக் கீறாது வெளியிலிருந்து அதிர்ச்சி அலைகளைச் செலுத்திக் கல்லைப் பொடியாக்கும் முறை 1980 இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதற் கையாளப்பட்டது. அலைகள் சிறுநீரகத்தையும் சிறிது கன்றச் செய்யும். துகள்களும் வழியை உராய்ந்து செல்லும். எனவே இம்முறையின்பின் ஏறக்குறைய எல்லோர்க்கும் குருதி காணும். ஓரிரு நாளிற் பெரும்பாலும் தெளியும்.

சிறுநீர் வழியே கருவி செலுத்தி லேசர் ஒளியாற் கல்லை உடைத்தபின், இருமுனையும் சுருண்ட மெல்லிய குழலொன்றை உள்ளே சில வாரம் விட்டுவைப்பதுண்டு. அக்குழல் இருக்குமளவும் குருதி வந்தும் நின்றும் போகும். மலையேறிக் கொழுந்துச் சுமை தூக்கிய நாளில் மிகும். ஓய்ந்திருந்து நீர் பருகத் தணியும். நாட்சம்பளத்தை நம்பியவர்க்கு ஓய்வென்பது எளிதில் வாய்ப்பதன்று. குருதி நின்றது, நோவும் இல்லை என்று குழலை எடுக்கச் செல்லாதிருத்தலே பெருந்தவறு. மாதக்கணக்கில் மறக்கப்பட்ட குழலின்மேல் மீண்டும் கல் படியும்.

முதுகிற் சிறு துளையிட்டுப் பெருங்கல்லை எடுக்கும் முறை 1976 இல் சுவீடனிலிருந்து வெளிப்போந்தது. இதன் பின்னரே மிக்க விழிப்பு வேண்டும். துளையிடுகையிற் காயமுற்ற நாடி சரிவர ஆறாது, மெல்லிய பையாகப் புடைத்துநின்று, ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் உடைதல் உண்டு. நூற்றுவரில் ஒருவரளவிலேயே இது நிகழும். ஆயின் அவர் அப்போது மருத்துவமனையில் இரார், தோட்டத்து வீட்டில் இருப்பார். தெளிந்திருந்த சிறுநீர் திடீரெனச் செங்குருதியாய் மாறின் அன்றிரவே புறப்படல் வேண்டும். தொடை நாடி வழியே நுண்குழல் செலுத்திக் கசியும் இடத்தை அடைத்தல் இன்று இயலும்.

குருதிக்கட்டிகள் கழிதல், சிறுநீர் அடைபடல், நடுக்கத்தோடு காய்ச்சல், தலைசுற்றல் ஆகியவை எம்முறையின் பின்னரும் காத்திருக்கத் தகாதவை. அடைபட்டபோது மேலும் நீர் பருகுதல் துன்பத்தை மிகுவிக்கும். ஆஸ்பிரின் முதலிய குருதி உறையாமைக்கான மருந்துகளை உண்போர் அதனை வைத்தியரிடம் கூறவேண்டும், தாமாக நிறுத்தலாகாது. செல்லும்போது சிகிச்சைச் சீட்டையும் உடன் கொண்டு செல்க. எந்நாளில் எம்முறை செய்யப்பட்டது, உள்ளே குழல் உளதா என்பனவே அங்கு முதலில் வினவப்படும்.