கிழங்கு எப்போது திரள்கிறது?



ஜப்பானியர் காலத்தைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1942 முதல் 1945 வரை அரிசிக்குப் பெரும் பஞ்சம். செந்தூல் இரயில்வே குடியிருப்பின் கொல்லையிலும் சரி, தோட்டத்து லயத்தின் பின்புறத்திலும் சரி, மரவள்ளிக் குச்சியை ஊன்றி அந்தக் கிழங்கைத் தின்றே பல குடும்பங்கள் உயிர் பிழைத்தன. எங்கள் பாட்டி ஒரு வருத்தத்தை மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டுத் தொழுவத்தின் ஓரம் நட்ட மரவள்ளி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்ததாம். ஆசையோடு பிடுங்கிப் பார்த்தால் நார்வேர்தானாம். இது ஏன் என்பதை இன்று பார்ப்போம்.

குச்சியை நட்டதும் வருபவை எல்லாம் மெல்லிய வேர்களே. நீரையும் மண்ணிலுள்ள சத்தையும் உறிஞ்சுவது அவற்றின் வேலை. முதல் இரண்டு மூன்று மாதங்களில் அவற்றுள் சில மட்டும் தடிக்கத் தொடங்குகின்றன. ஒரே மண், ஒரே மழை, ஆனாலும் எல்லா வேரும் கிழங்காவதில்லை! செடிக்குள் மிக மிகச் சிறிய அளவில் ஊறும் ஹார்மோன்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆக்சின், சைட்டோகைனின் என்னும் இரண்டும் வேருக்குள் புதிய உயிரணுக்களைப் பெருக்குகின்றன. அவற்றில் மாவு சேர்கிறது. கிப்பரெலின் என்னும் மூன்றாவது ஹார்மோன் எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

இந்தக் கிப்பரெலினின் கதை சுவையானது. ஜப்பானில் சில நெல் நாற்றுகள் ஒல்லியாக நெடுநெடுவென்று உயர்ந்து சாய்ந்துவிடும். உழவர்கள் அதை 'முட்டாள் நாற்று' என்பார்கள். ஒரு பூஞ்சைக்காளான் விடும் பொருளே காரணம் என்று 1926-இல் குரோசாவா என்பவர் தைவானில் கண்டார். 1935-இல் அதற்குக் கிப்பரெலின் என்று பெயரிட்டார்கள். அதே பொருளைச் செடிகள் தாமாகவே சுரக்கின்றன என்பது பின்னால்தான் தெரிந்தது. "உயரு, உயரு" என்று அது செடியை விரட்டும். சர்க்கரைவள்ளிக்கு அதை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேர் மாவு பிடிக்காமல் கட்டை தட்டிப் போயிற்று.

உருளைக்கிழங்கில் இந்த வேலை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அது வேரன்று, மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி. இரவு நீண்டு குளிர்ச்சியும் இருந்தால், இலை ஒரு புரதத்தைச் செய்து கீழே அனுப்புகிறது. இதை 2011-இல் கண்டறிந்தார்கள். அது வந்து சேர்ந்த நுனியில் கிப்பரெலின் குறைகிறது. நீளுவது நின்று நுனி பருக்கிறது. வெப்பம் மிகுந்தால் இந்தச் சேதி தளர்ந்துவிடும். கிள்ளானில் உருளைக்கிழங்கு நட்டால் பெரும்பாலும் இலையைத்தான் பார்க்கலாம்! மரவள்ளிக்கு அந்தக் குளிர் தேவையில்லை. நம் நாட்டில் பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம். அது மரவள்ளிக்கு ஒத்துப்போகிறது.

இனிப் பாட்டியின் செடிக்கு வருவோம். தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் செடி இலையும் தண்டுமாகவே வளரும். உருளைக்கிழங்கில் தழைச்சத்தை ஓயாமல் கொடுத்துச் சோதித்தபோது கிப்பரெலின் குறையவில்லை, கிழங்கும் வைக்கவில்லை. தொழுவத்துச் சாணமும் மூத்திரமும் மரவள்ளியை அப்படித்தான் விரட்டியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்த நாங்களே பள்ளித் தோட்டத்தில் அதே தவற்றைச் செய்தோம். ரம்புத்தான் மர நிழலில் பாத்தி கட்டி, மூட்டை மூட்டையாகக் கோழி எருவைக் கொட்டினோம். பிள்ளைகள் பிடுங்கியது விரல் தடிமன் வேர்! அடுத்த ஆண்டு வெயில் படும் மேட்டு நிலத்துக்கு மாறினோம். எருவைக் குறைத்து, சாம்பல்சத்துக்காக அடுப்புச் சாம்பலைத் தூவினோம். பத்தாம் மாதம் பிடுங்கிய கிழங்கைத் தோலுரித்து, நன்றாக வேகவைத்து, தேங்காய்ப்பூவோடு எல்லா வகுப்புக்கும் கொடுத்தோம்.