உப்பு அரைக்கும் மரக் குடுவை – பளபளப்பைப் பார்க்காதே, பல்லைப் பார்!

‘உப்பு கிரைண்டர்’ என்றதும் மாவாட்டுற கிரைண்டரை நினைச்சுக்காதீங்க. இது கைக்குள் அடங்கும் சின்ன மரக் குடுவை. உள்ளே கல் உப்பைப் போட்டுத் தலையைத் திருகினால், உப்பு தூளாகிக் கீழே விழும். டவுன் பாத்திரக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். இப்போது கல்யாணச் சீரிலும் வைக்கிறார்கள். இதை வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

பாட்டி வீட்டுத் திருகை தெரியும்தானே? அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும், நடுவில் மாட்டிய உளுந்து உடையும். இதுவும் அதே வேலைதான். குடுவைக்குள் பல் வைத்த இரண்டு துண்டுகள் இருக்கும். ஒன்று மரத்தோடு அசையாமல் நிற்கும். இன்னொன்று நடுக்கம்பியோடு சேர்ந்து சுற்றும். உச்சியில் உள்ள திருகை இறுக்கினால் இரண்டுக்கும் இடைவெளி குறையும், உப்பு நைசாக விழும். தளர்த்தினால் கொரகொரப்பாக விழும்.

ஆக, மரம் என்பது போட்டிருக்கும் சட்டை மாதிரி. உழைப்பது உள்ளே இருக்கும் பல்தான்!

பல் எதனால் ஆனது?

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் உப்பைக் கரைத்து, இரண்டிலும் ஒவ்வொரு இரும்பு ஆணி போட்டு வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் ஆணிதான் முந்தித் துருப்பிடிக்கும். உப்பு கரைந்த நீரில் மின்சாரம் நன்றாகக் கடத்தப்படும், அதனால் துருப்பிடிக்கும் வினை வேகமாக நடக்கிறது.

எங்க சித்திக்குச் சீரில் வந்த குடுவை பார்க்க அவ்வளவு அழகு. ஆனா நாலே மாசத்துல திருகவே முடியல. சித்தப்பா கழற்றிப் பார்த்தால் பல் பூராவும் துரு! அந்தத் துருத்தூளும் உப்போடு சேர்ந்துதானே சாப்பாட்டில் விழுந்திருக்கும்?

எவர்சில்வர் பல் என்றால் இரும்பை விடப் பரவாயில்லை. ஆனாலும் உப்பு ஈரம் ரொம்ப நாள் பட்டால் அதிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு வரும். பீங்கான் பல்தான் நல்லது. பீங்கானுக்குத் துருவே கிடையாது. பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் உப்பு 2 அல்லது 2.5-தான், ஏறக்குறைய நம் விரல் நகம் அளவு. அதனால் பீங்கான் பல் அதைச் சுலபமாக நொறுக்கிவிடும்.

மிளகு அரைக்கும் குடுவையை உப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மிளகுக்குப் பெரும்பாலும் இரும்புப் பல்தான் வைப்பார்கள்.

உங்களுக்குத் தெரியுமா?
பிரான்ஸ் நாட்டின் பெஜோ நிறுவனம் கார் செய்வதற்கு முன்பே, 1874-ல், மேஜையில் வைக்கும் மிளகு அரைவையைச் செய்தது!

மரம் எப்படி இருக்கணும்?

அம்பாசமுத்திரம் மரச் சொப்புகளைப் போலவே இந்தக் குடுவையையும் கடைசல் போட்டுத்தான் செய்கிறார்கள். உப்பு மரத்தைத் துருப்பிடிக்க வைக்காது. அதனால்தான் நம் முன்னோர் உப்பை மரவையிலும் மண்பானையிலும் வைத்தார்கள்.

• கையில் எடுத்தால் கனமாக இருக்கணும். வெடிப்பு, கீறல் இருக்கக் கூடாது.
• உப்பு படும் உள்பக்கத்தில் வார்னிஷ், பெயின்ட் அடித்திருக்கக் கூடாது. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.
• ஈரத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது.
• வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போட்டுக் கழுவாதீர்கள். மரம் ஊறினால் உப்பும், பிறகு வெடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.
• அடுப்பு ஆவி படும் இடத்தில் வைக்காதீர்கள்.

எந்த உப்பைப் போடுவது?

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்திலிருந்து வரும் கல் உப்பு மழைக்காலத்தில் நசநசவென்று நீர்விடும். காரணம், கடல் உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த உப்பு பல்லில் அப்பிக்கொண்டு திருக விடாது. உலர்ந்த பாறை உப்பு, அதாவது இந்துப்பு, தடையில்லாமல் அரைபடும்.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும்! இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். அயோடின் குறைந்தால் கழுத்தில் தைராய்டு சுரப்பி வீங்கி முன்கழுத்துக் கழலை வரும். கர்ப்பிணிகளுக்குக் குறைந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். இதைத் தடுக்கத்தான் இந்திய அரசு 1962-ல் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2006-ல், உணவுக்கு நேரடியாக விற்கும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்று விதியும் வந்தது. அழகான குடுவை வந்துவிட்டது என்பதற்காகச் சமையல் முழுவதையும் இந்துப்புக்கு மாற்றிவிடாதீர்கள். குழம்புக்கு அயோடின் உப்பு, வெள்ளரிக்காய், கொய்யா, முட்டை மேல் தூவ மட்டும் குடுவை உப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஈரம் போகட்டும் என்று அயோடின் உப்பை வெயிலில் காய வைக்காதீர்கள். அயோடின் குறைந்துவிடும்.

அப்புறம், திருகித் தூவுகிற ஜாலியில் அளவு மறந்து போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழம்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு! எந்தக் குடுவையில் அரைத்தாலும் உப்பு உப்புதான், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது தனிச் சலுகை காட்டாது.

வாங்க வசதி இல்லையா?

கவலையே வேண்டாம். மூடி போட்ட பீங்கான் ஜாடியில் உப்பை வையுங்கள். தூள் வேண்டுமென்றால் சின்ன இடிகல்லில் நாலு தட்டு தட்டினால் போதும். அதுவும் நல்ல உப்பு அரைவைதான். துருப்பிடிக்காது, சாயம் போகாது, காசும் மிச்சம்!

இதை வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் சொல்லுங்கள். உங்கள் வீட்டு உப்பு ஜாடிக்கு மூடி இருக்கிறதா என்றும், பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று போட்டிருக்கிறதா என்றும் இன்றைக்கே பாருங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி