எட்டுக் கிலோவும் எண்பது சதவீதமும்

2006-இல் டெல் நிறுவனம் எக்ஸ்.பி.எஸ். எம்2010 என்றொரு லேப்டாப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 20 அங்குலத் திரை, தனியே கழற்றி எடுக்கிற கீபோர்டு, தூக்கிக்கொண்டு நடக்க ஒரு கைப்பிடி. எடை எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல். இன்று அதன் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். அன்று யாரும் சிரிக்கவில்லை. மேசைக் கணினிக்காகச் செய்த பென்டியம் 4 சிப்பையே லேப்டாப் கூட்டுக்குள் அடைத்து விற்ற காலம் அதற்குக் கொஞ்சம் முந்தியதுதான். வேகம் வேண்டுமென்றால் கனத்தைச் சுமக்கத்தான் வேண்டும் என்று வாங்குகிறவர்களுக்கும் தெரியும். பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம்.

இப்படிப்பட்ட மெஷின்களை வாங்கியவர்கள் கல்யாண வீடியோ எடிட்டர்கள், த்ரீ-டி வேலை செய்கிறவர்கள், கட்டட வரைபடக்காரர்கள், பிறகு கேம் பைத்தியங்கள். அந்த நாட்களைப் பற்றி அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது வேகமல்ல, சூடு. ரெண்டர் போட்டுவிட்டு, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியை முட்டுக் கொடுத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்துவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். திரும்பி வரும்போது மெஷின் தானாக அணைந்து கிடக்கும். சிப் ஓர் எல்லைக்கு மேல் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் போதாவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். 35 டிகிரிக்கு மேற்பட்ட அறை வெப்பத்தில் இயக்காதீர்கள் என்று பல நிறுவனங்கள் கையேட்டில் அச்சிடுகின்றன. மே மாதச் சென்னையில் அந்த வரியைப் படித்து என்ன செய்வது?

அதனால்தான் லேப்டாப்பைப் பிரிப்பது அன்று ஒரு வழக்கமாகவே இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறையாவது சென்னை ரிச்சி தெருவிலோ ஊரில் தெரிந்த சர்வீஸ் கடையிலோ கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அடி மூடியைக் கழற்றினால் விசிறி வெளிப்பார்வைக்கு அழகாகத்தான் தெரியும். விசிறியையும் தூக்கினால்தான் வண்டவாளம் தெரியும். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே தூசியும் முடியும் சேர்ந்து பழைய கம்பளித் துண்டு போல ஒரு படலம் அப்படியே உரிந்து வரும். ஓர் ஊசி நுழையக்கூட இடமில்லாமல் அது அடைத்திருந்தால் காற்று எங்கே போகும்? அதற்கடியில் சிப்பின் மேல் தடவியிருந்த, வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சாம்பலாக உதிரும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, ஓர் அரிசியளவு புதுப் பேஸ்ட் வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாக முடுக்கிவிட்டால், பத்துப் பதினைந்து டிகிரி இறங்குவதை அங்கேயே பார்க்கலாம். செலவு சொற்பம்.

எல்லாச் சூடும் தூசியால் வந்ததல்ல. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்கள் சிலவற்றின் மூலப்பொருளில் கோளாறு என்று ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கிவைப்பதாக அறிவித்தது. டெல், எச்.பி., ஆப்பிள் என்று எல்லார் மெஷின்களிலும் அந்தச் சிப்கள் இருந்தன. திரையில் கோடு விழும், பிறகு கறுத்துவிடும். கடைக்கு எடுத்துப் போனால் ஒரே வசனம்: "போர்டு போயிருச்சு சார். ரீபால் பண்ணிப் பாக்கலாம், கேரண்டி கிடையாது." ரீபால் என்றால் சிப்பைச் சூடாக்கிப் பெயர்த்து, அடியில் உள்ள ஈயக் குண்டுகளை மாற்றி மறுபடி பதிப்பது. உண்மையில் விரிசல் விட்டது அந்தக் குண்டுகளில் இல்லை. சிப்புக்குள்ளேயே, சிலிக்கானையும் அதன் அடித்தட்டையும் இணைக்கிற நுண்புள்ளிகளில். மெஷின் சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் அவை இழுபட்டன. ரீபால் செய்யும்போது கொடுத்த வெப்பத்தில் அந்த விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், சில வாரமோ சில மாதமோ ஓடும், மறுபடி கறுக்கும். இந்த விஷயம் மெக்கானிக்குகள் பலருக்கே பிற்பாடுதான் விளங்கியது. போர்டை வீட்டு அவனில் வைத்துச் சுட்டுப் பார்த்தவர்களும் உலகம் முழுக்க உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய பொருள் இரண்டே வருஷத்தில் செத்துக் கிடந்தால் மனுஷன் எதையும் முயன்று பார்ப்பான்.

இவ்வளவு தொல்லைக்கும் நடுவே அன்றைய உரிமையாளனுக்கு ஒரு சுகம் இருந்தது. மெஷின் அவன் கையில் வளர்ந்தது. வாங்கும்போது காசு குறைவு, 2 ஜி.பி. ரேம் போதும், அடுத்த தீபாவளி போனஸில் இன்னொரு 2 ஜி.பி. வட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்ட அன்று பழைய மெஷின் புது மெஷினாக எழுந்து நிற்கும். டிவிடி டிரைவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் டிஸ்க்கைத் தாங்கும் ஒரு சட்டம் வைத்து இரண்டாவது டிஸ்க்கைச் சொருகிக்கொள்வார்கள். 2012-இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோ ஒன்றை ஆப்பிள் 2016 அக்டோபர் வரை விற்றது. நான்கு வருஷப் பழைய மாடலை ஏன் வாங்கினார்கள் என்றால், ரேமும் டிஸ்க்கும் மாற்றமுடிந்த கடைசி மேக்புக் ப்ரோ அதுதான்.

அதே 2012-இல்தான் பாதையும் திரும்பியது. ஜூனில் ஆப்பிள் ரெட்டினா திரை மேக்புக் ப்ரோவை வெளியிட்டது. 1.8 சென்டிமீட்டர் தடிமன், இரண்டு கிலோ, 2880 x 1800 புள்ளிகள் கொண்ட திரை. ரேம் போர்டோடு பற்றவைத்தது, பேட்டரி பசையால் ஒட்டியது. மெஷின்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பிடும் ஐஃபிக்சிட் தளம் அதற்குப் பழுதுபார்ப்பில் பத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தது. சந்தை அதைப் பொருட்படுத்தவில்லை. மற்ற நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மெலிந்தன. அந்த வருஷம் தமிழ்நாட்டில், சென்னைக்கு வெளியே, பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை. பேட்டரி நின்று பேசுகிற மெஷின் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் வேலை. அந்த நிலையில் ரேம் ஸ்லாட்டைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

மெலிந்ததன் விலை 2016-க்குப் பிறகு தெரிந்தது. கீபோர்டை மெலிதாக்கிய பட்டர்ஃபிளை அமைப்பில் ஒரு தூசி விழுந்தாலே எழுத்து இரண்டு முறை விழும், அல்லது விழாது. 2018-இல் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2022-இல், இதற்காக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை முடிக்க 5 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. 2018 ஜூலையில் ஐ9 சிப் வைத்த மாடல் வந்தபோது, ஒரு யூடியூபர் அதை ஃப்ரீசருக்குள் வைத்து எடிட்டிங் ஓட்டிக் காட்டினார். அங்கேதான் அது ஒழுங்காக ஓடியது. சில நாளில் மென்பொருள் திருத்தம் வந்தது. 2019-இல் இன்னொன்று: 2015-ஆம் வருஷத்து 15 அங்குல மாடலின் பேட்டரிகள் தீப்பிடிக்கலாம் என்று திரும்பப் பெற்றார்கள். அந்த மெஷினை விமானத்தில் கொண்டுவராதீர்கள் என்று நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வும் சொன்னது. ஆப்பிளை மட்டும் சொல்வது அதன் கணக்கு ஊரறிய இருப்பதால்தான். மெலிவுக்கும் வேகத்துக்கும் நடந்த இந்த இழுபறியில் மற்றவர்களும் அடிபட்டார்கள்.

2020-தான் உண்மையான மாற்றம். அந்த வருஷம் ஏ.எம்.டி.யின் எட்டு கோர் ரைசன் சிப் ஒன்றரைக் கிலோச் சொச்சம் எடையுள்ள ஏசுஸ் ஜி14-க்குள் வந்தது. நவம்பரில் ஆப்பிளின் எம்1 சிப். விசிறியே இல்லாத மேக்புக் ஏர், முந்தைய வருஷத்து விசிறி இரையும் இன்டெல் மெஷின்களைப் பல வேலைகளில் முந்தியது. டிரான்சிஸ்டர்கள் சிறுத்து, அதே வேலைக்கு ஆகும் வாட் குறைந்ததுதான் காரணம். 2021-இல் வந்த மேக்புக் ப்ரோவில் எச்.டி.எம்.ஐ. துளையும் மெமரி கார்டு துளையும் காந்தச் சார்ஜரும் திரும்பி வந்தன. உடம்பும் கொஞ்சம் தடித்தது. உரிமையாளர்கள் ஐந்து வருஷம் கத்தியது வீண் போகவில்லை.

இதன் பலனைக் கல்யாண மண்டபத்தில் நேரிலேயே பார்க்கலாம். காலையில் முகூர்த்தம், மாலை ரிசப்ஷனில் மேடைக்குப் பக்கத்து எல்.இ.டி. திரையில் தாலி கட்டும் காட்சி இசையோடு ஓடுகிறது. நடுவில் டைனிங் ஹாலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மேசையில் எடிட்டர் 4கே ஃபுட்டேஜை வெட்டி ஒட்டியிருக்கிறார். அன்று இதே வேலைக்கு ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும், பார்ட்டி அங்கே வந்து உட்கார வேண்டும். இதில் விவரமறிந்த எடிட்டர்கள் சொல்கிற ஒரு நுணுக்கம் உண்டு. இன்றைய கேமராக்கள் பல 10-பிட் 4:2:2 எச்.265 என்ற வடிவில் பதிகின்றன. அதைப் பிரித்துக் காட்டும் வன்பொருள் என்விடியாவில் 2025-இன் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் வந்தது. இன்டெல் சிப்புக்குள் இருக்கும் சாதாரணக் கிராபிக்ஸிலும் எம்1-இலும் முன்பே இருந்தது. அதனால் பெரிய கார்டு போட்ட மெஷின் டைம்லைனில் திக்கித் திணற, பக்கத்து மேசையின் மலிவான மெஷின் வழுக்கிக்கொண்டு ஓடியது. காசு கொட்டியவருக்கு எப்படி இருந்திருக்கும்!

இன்றைய ஏமாற்றங்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான். மெஷின் உடைவதல்ல, பெயரைப் பார்த்து வாங்கி ஏமாறுவது. ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற ஒரே பெயரில் 60 வாட் கார்டும் உண்டு, 115 வாட் கார்டும் உண்டு, வேகம் ஒன்றல்ல. லேப்டாப் 4090-க்குள் இருப்பது மேசைக் கணினியின் 4090 சிப்பே அல்ல. அதற்கு 24 ஜி.பி. நினைவகம், இதற்கு 16. அது 450 வாட் குடிக்கும், இதற்கு அதிகபட்சம் 175. விற்பனை அட்டையில் பெயர் பெரிதாக இருக்கும், வாட் இருக்காது. இன்ஜினியரிங் முதல் வருஷப் பையனோடு கடைக்கு வரும் அப்பா கேட்கும் கேள்வி, "இது படிப்புக்குத்தானே தம்பி?" பையன் "ஆமாப்பா, ஆட்டோகேட் ஓடணும்ல" என்பான். இருவருமே வாட் கேட்பதில்லை.

வாங்கிய பிறகு தெரிவது இன்னொன்று. சார்ஜரைப் பிடுங்கினால் கேமிங் லேப்டாப்பின் வேகம் பாதியாகிவிடுகிறது. குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப்போக 100 வாட்-மணிதான் எல்லை. அதனால் பேட்டரிகள் 99-இல் நிற்கின்றன. 200 வாட் குடிக்கிற மெஷினுக்கு அது அரை மணி நேரம். ஆக, அது எப்போதும் சுவரோடு கட்டப்பட்டே கிடக்கிறது. முழுச் சார்ஜில், சூட்டில், மாதக்கணக்காகக் கிடக்கும் லித்தியம் பேட்டரி உப்புகிறது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்து, மூடி சரியாக மூடாதபோதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. எண்பது சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இன்று ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருக்கிறது. தேடிப் போட்டுக்கொள்பவர்கள்தான் குறைவு.

ரேம் ஏன் பற்றவைக்கப்படுகிறது என்பதில் எனக்கு இரண்டு மனம். பேராசை மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. எம்1 மேக்ஸ் நினைவகத்தோடு விநாடிக்கு 400 ஜி.பி. பரிமாறுகிறது, பழைய ரேம் ஸ்லாட்டில் அந்த வேகம் வராது, கம்பித்தடம் நீளம். ஆனால் 16-இலிருந்து 32-க்குப் போக நிறுவனம் கேட்கிற தொகைக்கு அந்த நியாயம் பொருந்தாது. வேறு வழிகளும் உண்டு. 2024-இல் திங்க்பேட் பி1-இல் வந்த எல்.பி.கேம்2 நினைவகம் வேகமானது, திருகைக் கழற்றி மாற்றவும் முடியும். ஃபிரேம்வொர்க் 16 லேப்டாப்பில் கிராபிக்ஸ் பகுதியையே கழற்றிப் புதிதைப் போடலாம். 2024-இல் வாங்கியவர்களுக்கு 2025-இல் ஆர்.டி.எக்ஸ். 5070 பகுதி கிடைத்தது. முடியாதென்று சொன்னவர்களுக்கு இது பதில்.

சர்வீஸ் கடைகளும் மாறியிருக்கின்றன. அன்று ஸ்க்ரூடிரைவரும் பேஸ்டும் இருந்தால் கடை போடலாம். இன்று ரேம் சிப் ஒன்று போனால்கூட மைக்ராஸ்கோப், ஹாட் ஏர், போர்டின் சர்க்யூட் படம் வேண்டும். இவை கைவசமுள்ள கடைக்காரர் நன்றாகச் சம்பாதிக்கிறார். இல்லாதவர் மொபைல் கவர் விற்கிறார். உரிமையாளரின் திறமையும் இடம் மாறிவிட்டது. வாங்கிய பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற சலுகை அன்று இருந்தது. இன்று கல்லாவில் காசு கொடுக்கும் நிமிஷத்தில் ஐந்தாவது வருஷம் வரைக்கும் முடிவாகிவிடுகிறது.

ஆகவே லேப்டாப் வாங்கக் கிளம்புகிறவர்கள் கடையில் மாடல் பெயரைக் கேட்டுவிட்டு நிறுத்த வேண்டாம். கிராபிக்ஸ் எத்தனை வாட், ரேம் ஸ்லாட் உண்டா, இல்லையென்றால் இன்றைய தேவைக்கு இருமடங்கு எடுக்கலாமா, டிஸ்க்கையும் பேட்டரியையும் பசையில்லாமல் கழற்ற முடியுமா என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.