கொலஸ்டிரால் அறிக்கையைப் படித்தறிவோம்

எங்கள் கிளையில் பணியாற்றும் அலுவலர் ஒருவருக்கு வயது 47. மெலிந்த உடல், சைவ உணவு, புகைப்பழக்கமும் இல்லை. ஆண்டுப் பரிசோதனை அறிக்கை வந்தபோது, “ஒல்லியானவனுக்கு ஏது கொழுப்பு?” என்று சிரித்தபடி அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். எட்டு மாதங்கள் கழித்து, ஒரு நாள் காலையில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்ததால் உயிர் பிழைத்தார். பின்னர் அந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, எச்சரிக்கை அதிலேயே இருந்தது தெரிந்தது. வாடிக்கையாளர் கணக்கில் ஒரு ரூபாய் வேறுபட்டாலும் விடாமல் தேடும் நாங்கள், எங்கள் சொந்த அறிக்கையைப் படிக்கத் தவறியதை அன்று உணர்ந்தோம்.

கொலஸ்டிரால் என்பது யாது?

கொலஸ்டிரால் நஞ்சன்று. உயிரணுக்களின் சவ்வுக்கும், பித்தநீருக்கும், சில ஹார்மோன்களுக்கும் அது இன்றியமையாதது. அதன் பெரும்பகுதியை நம் உடலே உற்பத்தி செய்துகொள்கிறது. இதில் கல்லீரலின் பங்கு முக்கியமானது. ஆகவே, சைவ உணவினருக்கும் மெலிந்தவர்களுக்கும் அது மிகக்கூடும். பரம்பரை, நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியனவும் காரணங்களாகலாம்.

எல்.டி.எல். மிகும்போது அது இரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து, பல ஆண்டுகளில் அடைப்பை உண்டாக்குகிறது. இதற்கு வலியோ வேறு அறிகுறியோ பெரும்பாலும் இராது. பலருக்கு முதல் அறிகுறியே மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ அமைந்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனை ஒன்றே முன்னறியும் வழி.

எண்களைப் படிக்கும் முறை

நம் அலுவலரின் அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொலஸ்டிரால் 220, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 210 (ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் அளவில்). டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 42. மொத்தத்திலிருந்து 38-ஐயும் 42-ஐயும் கழித்தால் எஞ்சுவது 140, அதுவே எல்.டி.எல். டிரைகிளிசரைடு 400-க்கு மேற்பட்டால் இக்கணக்கு பொருந்தாது.

பொதுவாக டிரைகிளிசரைடு 150-க்குக் கீழும், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் மேலும் இருத்தல் நன்று. டிரைகிளிசரைடு மிகுதியும் எச்.டி.எல். குறைவும் சேர்ந்து காணப்படுவது இந்தியரிடையே பரவலானது.

எல்.டி.எல். இலக்கு எல்லோருக்கும் ஒன்றன்று. இந்திய இதயவியல் சங்கம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுவாக அது 100-க்குக் கீழ் இருத்தல் வேண்டும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற ஆபத்து உடையோருக்கு 70-க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55-க்குக் கீழும் இலக்கு. எனவே, ஆய்வகம் அச்சிட்ட ‘இயல்பு’ என்ற வரம்பை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்ளலாகாது. முதல் பரிசோதனையை 18 வயதிலேயே செய்துகொள்ளுமாறும் அவ்வழிகாட்டுதல் கூறுகிறது.

உணவும் நடையும்

எண்ணெய் உறையில் ‘கொலஸ்டிரால் அற்றது’ என்று எழுதியிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டா. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்டிரால் குறிப்பிடத்தக்க அளவில் இராது. கவனிக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது ஏறத்தாழ 90 விழுக்காடு. பாமாயிலில் ஏறத்தாழ பாதி. நெய், வெண்ணெய், வனஸ்பதி, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றைக் குறைத்தல் நலம். சர்க்கரை, மைதா, அளவு மீறிய வெள்ளரிசிச் சோறு, மது ஆகியன டிரைகிளிசரைடை உயர்த்தும். பருப்பு, பயறு, ஓட்ஸ், வெண்டை, கொய்யா ஆகியவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து எல்.டி.எல்.-ஐக் குறைக்கத் துணைபுரியும். வாரத்திற்கு 150 நிமிட விரைவு நடையும், புகைப்பழக்கம் உள்ளோர் அதை விடுதலும் இன்றியமையாதவை.

மாத்திரையை நிறுத்தலாமா?

உணவு மாற்றம் மட்டும் போதாதபோது மருத்துவர் ஸ்டாடின் பரிந்துரைப்பார். அது கல்லீரலின் கொலஸ்டிரால் உற்பத்தியைக் குறைத்து, இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.-ஐக் கல்லீரல் மேலும் ஈர்த்துக்கொள்ளச் செய்கிறது. ‘எண் இறங்கிவிட்டது’ என்று பலர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். எண் இறங்கியது மருந்தினால். நிறுத்தினால் சில வாரங்களிலேயே மீண்டும் ஏறும். தசைவலி முதலிய தொல்லை இருப்பின் மருத்துவரிடம் கூறி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். கருவுற்றோரும் கருவுறத் திட்டமிடுவோரும் அவசியம் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

பழைய வருமான வரி முறையைப் பின்பற்றுவோர், மருத்துவக் காப்பீட்டுக் கழிவின் உச்சவரம்புக்குள், முன்தடுப்பு உடல் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை கழிவு பெறலாம் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

எங்கள் அலுவலர் இப்போது நாள்தோறும் கிளைக்கு நடந்தே வருகிறார், மாத்திரையைத் தவறவிடுவதில்லை. உங்கள் இல்லத்திலும் ஏதேனும் ஓர் இழுப்பறையில் பழைய அறிக்கை ஒன்று இருக்கக்கூடும். இந்த வாரமே அதை எடுத்துப் படித்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.